மார்கழிக் காலையில் சிறு டிராக்டர் கிளம்ப மறுப்பது ஏன்?

மார்கழி பிறந்துவிட்டால் திண்டுக்கல் சுற்றுவட்டாரக் கிராமங்களில் கோயில் மணியோசையோடு இன்னொரு சத்தமும் கேட்கத் தொடங்கும். டிராக்டரின் செல்ஃப் மோட்டார் இழுத்து இழுத்து ஓய்கிற சத்தம் அது. களை எடுக்கவும் கதிர் அறுக்கவும் ஆட்கள் ஏழு மணிக்கே வரப்பில் வந்து நிற்பார்கள். பூ பறித்தவர்கள் நிலக்கோட்டை சந்தைக்குக் கூடையோடு காத்திருப்பார்கள். டிராக்டர் மட்டும் கிளம்பாது. நாலு பேர் சேர்ந்து தள்ளுவார்கள். ஒருவர் துணியில் பெட்ரோலை நனைத்துக் காற்றுக் குழாயில் வைப்பார். இன்னொருவர் என்ஜினுக்கு அடியில் வைக்கோலைக் கொளுத்தலாம் என்று யோசனை சொல்வார். ஒன்பது மணிக்கு வெயில் ஏறியதும் டிராக்டர் ஒன்றும் நடக்காதது போல் கிளம்பிவிடும்.

'குளிர்தான் காரணம்' என்று சொல்லிவிட்டு அத்துடன் விவசாயி அதை மறந்துவிடுகிறார். அடுத்த நாள் காலையில் அதே கதைதான். வந்த ஆட்களுக்குக் கூலி கொடுத்தாக வேண்டும். வாடகை உழவுக்குச் சொன்ன இடத்தில் சொன்ன நேரத்துக்குப் போகாவிட்டால் அடுத்த முறை வேறு வண்டியைக் கூப்பிடுவார்கள். கடன் வாங்கி 15 முதல் 25 குதிரைத்திறன் வரையிலான சிறு டிராக்டரோ பவர் டில்லரோ வாங்கியவருக்கு இது சிறிய நஷ்டமல்ல.

உண்மையில் குளிர்தான் காரணமா? திண்டுக்கல் சமவெளியில் டிசம்பர், ஜனவரி மாதங்களில் விடியற்காலை வெப்பநிலை பெரும்பாலும் 18 முதல் 21 டிகிரி சென்டிகிரேடு வரைதான் இருக்கும். நல்ல நிலையில் உள்ள டீசல் என்ஜினுக்கு இது ஒரு குளிரே அல்ல. பஞ்சாபிலும் அரியானாவிலும் இதைவிடப் பல டிகிரி குறைந்த காலைகளில் டிராக்டர்கள் ஓடுகின்றன. நம் ஊர் டிராக்டர் மார்கழியில் நின்று போகிறதென்றால், அதில் ஏற்கெனவே ஏதோ ஒரு குறை இருக்கிறது என்று பொருள். கோடையில் மறைந்திருந்த குறையைக் குளிர் காட்டிக் கொடுக்கிறது, அவ்வளவுதான்.

டீசல் எப்படித் தீப்பிடிக்கிறது?

பெட்ரோல் என்ஜினில் பிளக் பொறி விட்டு எரிபொருளைப் பற்றவைக்கிறது. டீசல் என்ஜினில் பொறியே கிடையாது. ஜெர்மானியப் பொறியாளர் ருடால்ப் டீசல் 1897-ல் ஆக்ஸ்பர்க் நகரில் வெற்றிகரமாக ஓட்டிக் காட்டிய என்ஜினிலும் இன்றைய சிறு டிராக்டரிலும் தத்துவம் ஒன்றே. காற்றை நெருக்கினால் அது சூடாகும். சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பகுதி சுடுவதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். டீசல் என்ஜினில் பிஸ்டன் காற்றை ஏறத்தாழ 16-ல் ஒரு பங்கு முதல் 20-ல் ஒரு பங்கு வரை நெருக்குகிறது. அந்தச் சூட்டில் டீசல் பூந்தூறலாகப் பீய்ச்சப்பட்டதும் தானே பற்றிக்கொள்கிறது. டீசல் தானாகப் பற்றுவதற்கு 200 டிகிரிக்குச் சற்று மேலான சூடு தேவை.

இங்கே ஒரு சிறு கணக்கைப் பார்க்கலாம். 18-ல் ஒரு பங்காக நெருக்கும் என்ஜினில், 30 டிகிரி வெப்பமுள்ள காற்று உள்ளே போனால் நெருக்கத்தின் முடிவில் சுமார் 450 டிகிரி வரை சூடாகும். மார்கழிக் காலையில் 18 டிகிரிக் காற்று போனால் சுமார் 420 டிகிரி கிடைக்கும். முப்பது டிகிரிதான் குறைவு. பற்றுவதற்கு இது தாராளம். ஆனால் ரிங் தேய்ந்து காற்று கசிந்தாலும், பாட்டரி சோர்ந்து என்ஜின் மெதுவாகச் சுழன்றாலும் கதை வேறு. நெருக்கப்பட்ட காற்று ஓரங்களில் வெளியேறுகிறது. மிச்சமுள்ள சூட்டைக் குளிர்ந்த இரும்புச் சுவர்கள் உறிஞ்சிக்கொள்கின்றன. அப்போது சூடு 250 டிகிரிக்கே இறங்கிவிடலாம். அந்த நிலையில்தான் மார்கழிக் குளிர் பறித்துக்கொள்ளும் சிறு சூடும் பெரிய சூடாகிவிடுகிறது.

ஆகவே கவனிக்க வேண்டியவை மூன்று. என்ஜின் வேகமாகச் சுழல வேண்டும். நெருக்கும் காற்று கசியக் கூடாது. சுத்தமான டீசல் சரியாக வந்து சேர வேண்டும். இந்த மூன்றும் சரியாக இருந்தால் சமவெளியில் குளிரைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை.

புகை சொல்லும் செய்தி

கிளம்பாத டிராக்டரின் எந்தப் பாகத்தையும் கழற்றுவதற்கு முன், 'ஸ்டாப்' குமிழ் முந்தின இரவு இழுத்தபடியே இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இழுத்த குமிழை உள்ளே தள்ள மறந்துவிட்டு, பாட்டரி தீரும்வரை செல்ஃப் அடித்தவர்கள் உண்டு. டாங்கில் டீசல் இருக்கிறதா, டீசல் குழாயின் திருகு திறந்திருக்கிறதா என்பதையும் பார்த்துவிட வேண்டும்.

அடுத்து, ஒருவர் செல்ஃப் அடிக்க, இன்னொருவர் சைலன்சர் வாயைக் கவனிக்க வேண்டும்.

என்ஜின் சுழலவே இல்லை, அல்லது திணறித் திணறிச் சுழல்கிறது என்றால் குறை பாட்டரி, அதன் இணைப்புகள், செல்ஃப் மோட்டார், கெட்டியான ஆயில் ஆகியவற்றுள் ஒன்றில் இருக்கும்.

என்ஜின் நன்றாகச் சுழல்கிறது, புகையே வரவில்லை என்றால் டீசல் சிலிண்டருக்குப் போகவில்லை. குழாயில் காற்று பிடித்திருக்கலாம், வடிகட்டி அடைத்திருக்கலாம்.

நன்றாகச் சுழல்கிறது, வெள்ளைப் புகை வருகிறது, ஆனால் பற்றவில்லை என்றால் டீசல் போகிறது, சூடு போதவில்லை. ஹீட்டர் பிளக், வால்வு இடைவெளி, ரிங், கேஸ்கட், இன்ஜெக்டர் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.

கறுப்புப் புகை வந்தால் காற்று போதவில்லை. காற்று வடிகட்டியைத் திறந்து பார்க்க வேண்டும்.

மெக்கானிக்கிடம் 'வண்டி கிளம்பவில்லை' என்று மட்டும் சொல்வதைவிட, 'நன்றாகச் சுற்றுகிறது, புகை வரவில்லை' என்று சொன்னால் அவர் வேலையும் குறையும். விவசாயியின் செலவும் குறையும்.

முதல் சந்தேகம் பாட்டரி மேல்

குளிர்காலக் கோளாறுகளில் முதலில் சந்தேகப்பட வேண்டியது பாட்டரிதான். ஈய அமிலப் பாட்டரியின் உள்ளே நடப்பது ஒரு ரசாயன மாற்றம். குளிரில் அது மந்தமாகும். நீர் உறையும் 0 டிகிரியில் பாட்டரி தன் கிளப்பும் சக்தியில் சுமார் மூன்றில் ஒரு பங்கை இழந்துவிடும். சமவெளியின் 18 டிகிரியில் இழப்பு மிகக் குறைவே. ஆனால் மூன்று நான்கு ஆண்டு உழைத்த, பாதி மட்டுமே சார்ஜ் உள்ள பாட்டரிக்கு அந்தக் குறைவும் தாங்காது.

பாட்டரியைச் சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. முகப்பு விளக்கைப் போட்டுவிட்டு செல்ஃப் அடிக்க வேண்டும். விளக்கு அணையும் அளவுக்கு மங்கினால் பாட்டரி இறங்கியிருக்கிறது, அல்லது முனைகளில் இணைப்பு சரியில்லை. விளக்கு பிரகாசமாகவே இருந்து, என்ஜின் சுழலாவிட்டால் செல்ஃப் மோட்டாரிலோ அதற்குப் போகும் ஒயரிலோ கோளாறு.

மீட்டர் வைத்திருப்பவர்கள், வண்டி ஓடாமல் சில மணி நேரம் ஓய்ந்த பிறகு வோல்ட்டைப் பார்க்கலாம். 12.6 வோல்ட் இருந்தால் முழுச் சார்ஜ், 12.2 இருந்தால் பாதி. 12-க்குக் கீழ் இருந்தால் உடனே சார்ஜ் செய்ய வேண்டும். ஹைட்ரோமீட்டரில் அமிலத்தின் அடர்த்தி 1.26-லிருந்து 1.28 வரை இருப்பது முழுச் சார்ஜுக்கு அடையாளம்.

பாட்டரி முனைகளில் பூக்கும் வெண்பச்சைப் பொடி மின்சாரத்தைத் தடுக்கும். புதுப் பாட்டரி வாங்குமுன் இந்தப் பொடியைச் சுத்தம் செய்து பார்க்க வேண்டும். முதலில் மைனஸ் ஒயரையும், பிறகு பிளஸ் ஒயரையும் கழற்ற வேண்டும். வெந்நீரில் ஆப்ப சோடாவைக் கரைத்து முனைகளில் மட்டும் ஊற்றிப் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தால் பொடி நுரைத்துப் போய்விடும். சோடாத் தண்ணீர் பாட்டரிக்குள் போகாதபடி மூடிகள் இறுகியிருக்க வேண்டும். துடைத்துக் காயவைத்து, பிளஸ்ஸை முதலிலும் மைனஸ்ஸைக் கடைசியிலும் மாட்டி, இறுக்கி, மேலே வாசலின் தடவ வேண்டும். என்ஜினையும் அடிச்சட்டத்தையும் இணைக்கும் எர்த் ஒயரின் நுனியையும் இதேபோல் சுத்தம் செய்வது அவசியம். பலர் மறப்பது இதைத்தான்.

பாட்டரி நீர் தகடுகளுக்கு மேல் ஒரு சென்டிமீட்டர் உயரம் நிற்க வேண்டும். குறைந்தால் டிஸ்டில்டு வாட்டர் மட்டுமே ஊற்ற வேண்டும். திண்டுக்கல் பகுதியின் பல கிணறுகளிலும் ஆழ்துளைக் கிணறுகளிலும் தண்ணீர் உப்பு நிறைந்தது. அதை ஊற்றினால் பாட்டரியின் ஆயுள் போய்விடும். பாட்டரி சார்ஜ் ஆகும்போது எரியக்கூடிய வாயு வெளிவரும். பக்கத்தில் நின்று பீடி பற்றவைக்கக் கூடாது.

செல்ஃபைத் தொடர்ந்து 10 விநாடிக்கு மேல் அடிக்கக் கூடாது. ஒவ்வொரு முறைக்கும் இடையில் ஒரு நிமிடமாவது இடைவெளி விட வேண்டும். பாட்டரி அதற்குள் சற்றே மீளும். மோட்டாரும் சூடு ஆறும். மூன்று முறை முயன்றும் கிளம்பாவிட்டால் நிறுத்திவிட்டுக் காரணத்தைத் தேட வேண்டும். நாலாவது, ஐந்தாவது முறை அடிப்பது பாட்டரியைக் காலி செய்யுமே தவிர வண்டியைக் கிளப்பாது.

கெட்டியாகும் ஆயில்

தேங்காய் எண்ணெய் மார்கழியில் உறைவது எல்லோருக்கும் தெரியும். என்ஜின் ஆயில் உறையாவிட்டாலும் கெட்டியாகும். கெட்டியான ஆயிலில் என்ஜினைச் சுழற்ற அதிக பலம் வேண்டும். ஆயில் டின்னில் 15டபிள்யூ-40, 20டபிள்யூ-40 என்று எழுதியிருப்பதில் 'டபிள்யூ' என்ற எழுத்து குளிர்காலத்தைக் குறிக்கிறது. அதன் முன்னுள்ள எண் குறையக் குறைய, குளிரில் அந்த ஆயில் இளகியிருக்கும். பின்னால் உள்ள 40 என்ற எண் சூட்டில் அதன் கெட்டித்தன்மையைக் குறிக்கிறது. வெறும் 40 என்று மட்டும் உள்ள ஆயில் காலையில் அதிகம் கெட்டியாக இருக்கும். வண்டியோடு வந்த கையேட்டில் எந்த ஆயில் சொல்லப்பட்டிருக்கிறதோ அதையே ஊற்ற வேண்டும். இரண்டும் சொல்லப்பட்டிருந்தால் குளிர்காலத்துக்கு 15டபிள்யூ-40 நல்லது.

மாற்ற வேண்டிய மணிக்கணக்கைத் தாண்டி ஓடிய ஆயில் கரியும் பிசினும் சேர்ந்து கூழ் போலாகிவிடும். ஐப்பசி, கார்த்திகை உழவு முடிந்ததும் ஆயிலையும் ஆயில் வடிகட்டியையும் மாற்றிவிட்டால் மார்கழித் தொல்லை பாதி தீரும்.

செல்ஃப் அடிக்கும்போது கியர் நியூட்ரலில் இருக்க வேண்டும். கிளச்சை முழுவதும் மிதித்திருக்க வேண்டும். கிளச்சை மிதித்தால் கியர் பெட்டியில் உள்ள கெட்டியான எண்ணெயையும் சேர்த்துச் சுழற்றும் சுமை செல்ஃப் மோட்டாருக்கு இல்லாமல் போகும். பி.டி.ஓ. இணைப்பும் விடுபட்டிருக்க வேண்டும்.

டீசலில் தண்ணீர், குழாயில் காற்று

மார்கழி, தை மாதங்களில் பகல் வெயிலுக்கும் இரவுக் குளிருக்கும் பத்து டிகிரிக்கு மேல் வித்தியாசம் இருக்கும். டாங்க் பாதி காலியாக இருந்தால் அந்த வெற்றிடத்தில் உள்ள காற்றின் ஈரம் இரவில் பனித்துளியாகத் தகட்டில் படிந்து டீசலில் இறங்கும். தண்ணீர் டீசலைவிடக் கனமானது. அது அடியில் தங்கி வடிகட்டிக்கும் பம்புக்கும் போகும், துருவையும் உண்டாக்கும். மாலையில் வேலை முடிந்ததும் டாங்கை நிரப்பி வைப்பது இதற்கு எளிய பரிகாரம். காலையில் டாங்கை நிரப்பும் பழக்கத்தை மாலைக்கு மாற்றிக்கொள்வதில் கூடுதல் செலவு எதுவும் இல்லை. வாரம் ஒருமுறை வடிகட்டிக் கிண்ணத்தின் அடித் திருகைத் திறந்து தண்ணீரை வடித்துவிட வேண்டும்.

கேனில் வாங்கி வைக்கும் டீசலை நிழலில் வைத்து, ஒரு நாள் தெளியவிட்டு, அடியில் உள்ள கடைசி இரண்டு விரல் அளவை ஊற்றாமல் விட்டுவிட வேண்டும்.

டீசல் தீரும்வரை ஓட்டினாலோ வடிகட்டியை மாற்றினாலோ குழாயில் ஏர் பிடித்துக்கொள்ளும். ஏர் எடுக்கும் முறை கடினமானதல்ல. வடிகட்டியின் மேலுள்ள காற்றுத் திருகைத் தளர்த்தி, கைப் பம்பை அடிக்க வேண்டும். முதலில் நுரையும் குமிழியுமாக வரும். குமிழி நின்று டீசல் கெட்டியாக வந்ததும் திருகை இறுக்க வேண்டும். பிறகு இன்ஜெக்ஷன் பம்பின் திருகிலும் இதையே செய்ய வேண்டும். டாங்க் மேலே உள்ள பவர் டில்லர்களில் டீசல் தானே இறங்குவதால் பெரும்பாலும் பம்பு அடிக்க வேண்டியதில்லை. திருகைத் தளர்த்திக் குமிழி நிற்கும்வரை காத்திருந்தால் போதும். இன்ஜெக்டரிலிருந்து பீய்ச்சும் டீசலுக்கு முன்னால் கையை வைத்துப் பார்க்கக் கூடாது. அதன் அழுத்தம் தோலைத் துளைத்து உள்ளே போகும். அப்படி நேர்ந்தால் காயம் சிறியதாகத் தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

ஓரிரவு நின்றாலே காலையில் ஏர் பிடிக்கிறதென்றால், டீசல் குழாயில் எங்கோ ஒரு வாஷரோ இணைப்போ தளர்ந்திருக்கிறது. தினமும் ஏர் எடுப்பது அதற்குத் தீர்வல்ல. அந்த இடத்தைக் கண்டுபிடித்து வாஷரை மாற்ற வேண்டும்.

காற்று வடிகட்டியும் ஹீட்டர் பிளக்கும்

ரெட்டியார்சத்திரம், வேடசந்தூர், ஒட்டன்சத்திரம் பகுதிகளின் செம்மண் புழுதியில் உழுத வண்டியின் காற்று வடிகட்டி விரைவில் அடைத்துக்கொள்ளும். எண்ணெய்க் கிண்ணம் உள்ள வடிகட்டியில் சேறு அரை விரல் அளவு படிந்தால் எண்ணெயை மாற்ற வேண்டும். குறியிட்ட அளவுக்கு மேல் எண்ணெய் ஊற்றினால் அதுவும் காற்றைத் தடுக்கும்.

எல்லா டிராக்டரிலும் ஹீட்டர் பிளக் இருப்பதில்லை. டீசலைத் தனிச் சிற்றறையில் எரிக்கும் சிறு என்ஜின்களில் அது இருக்கும். அத்தகைய வண்டியில் சாவியை ஹீட்டர் நிலையில் கையேடு சொல்லும் நேரம், பெரும்பாலும் 10 முதல் 20 விநாடி, வைத்திருந்த பிறகே செல்ஃப் அடிக்க வேண்டும். அவசரப்பட்டு நேரே அடிப்பவர்கள் பலர். மூன்று பிளக்குகளில் ஒன்று பழுதானால் கோடையில் தெரியாது. மார்கழியில் வெள்ளைப் புகையாகத் தெரியும். பிளக் பழுதா என்று சோதனை விளக்கு ஒன்றை வைத்து மெக்கானிக் சில நிமிடங்களில் பார்த்துவிடலாம்.

ஹீட்டரும் சரி, பாட்டரியும் சரி, டீசலும் சரி; ஆனாலும் குளிரில் கிளம்பாமல் சூட்டில் மட்டும் கிளம்புகிறது என்றால் காற்று கசிகிறது என்று கொள்ளலாம். முதலில் வால்வு இடைவெளியைச் சரிபார்க்க வேண்டும்; செலவு குறைவு. அதற்கும் சரியாகாவிட்டால்தான் ரிங், லைனர் வேலைக்குப் போக வேண்டும். எடுத்த எடுப்பில் என்ஜினைப் பிரிக்க ஒப்புக்கொள்ளக் கூடாது.

வெந்நீர் வைத்தியம்

மார்கழியில் விடியுமுன்னே அடுப்பில் வெந்நீர் கொதிக்காத வீடு இல்லை. அந்த வெந்நீரே டிராக்டருக்கும் உதவும். தண்ணீர்த் தொட்டி உள்ள ஒற்றைச் சிலிண்டர் பவர் டில்லர்களில், ஆறிய தண்ணீரை வடித்துவிட்டு, கை பொறுக்காத சூட்டில் உள்ள வெந்நீரை மெதுவாக ஊற்றிச் சில நிமிடம் விட்டால் சிலிண்டர் சூடாகும். கொதிக்கக் கொதிக்க ஊற்றக் கூடாது; குளிர்ந்த வார்ப்பு இரும்பு விரிசல் விடும். ரேடியேட்டரில் கூலன்ட் ஊற்றியுள்ள டிராக்டர்களில் அதை வடிக்க வேண்டாம். காற்று உள்ளே போகும் குழாயின் மேல் வெந்நீரில் நனைத்த சாக்கைச் சுற்றினால் போதும். இன்ஜெக்ஷன் பம்பின் மேல் வெந்நீர் ஊற்றவே கூடாது. அதன் பாகங்கள் மிக நுண்ணிய இடைவெளியில் இயங்குபவை. ஒரு பக்கம் மட்டும் விரிந்தால் இறுகிக்கொள்ளும்.

ஹேண்டில் போடும்போது

ஹேண்டிலால் கிளப்பும் பவர் டில்லரில் அழுத்தம் நீக்கும் நெம்பை உயர்த்திக்கொண்டு முதலில் பத்துச் சுற்று மெதுவாகச் சுற்ற வேண்டும். ஆயில் எல்லாப் பாகங்களுக்கும் போய்ச் சேரும். பிறகு வேகம் பிடித்ததும் நெம்பை விட வேண்டும். கட்டை விரலை மற்ற நான்கு விரல்களோடு ஒரே பக்கத்தில் வைத்துப் பிடிக்க வேண்டும். கட்டை விரல் ஹேண்டிலைச் சுற்றி வளைத்திருந்தால், என்ஜின் திருப்பி அடிக்கும்போது மணிக்கட்டு முறியும். தோளில் துண்டு, தொங்கும் வேட்டி நுனி, மப்ளர் ஆகியவை சுழலும் பாகத்தில் சிக்கும். குளிருக்காகப் போர்த்திய போர்வையோடு ஹேண்டில் போடக் கூடாது.

களையெடுக்கும் சிறு பெட்ரோல் இயந்திரங்களுக்கு முறை வேறு. சோக்கை மூடி இரண்டு மூன்று முறை கயிற்றை இழுத்து, பற்றியதும் சோக்கைத் திறந்துவிட வேண்டும். மாதக்கணக்கில் டாங்கில் கிடந்த பெட்ரோல் குளிரில் பற்றாது. அதை மாற்ற வேண்டும்.

செய்யவே கூடாதவை

பெட்ரோல் துணியையோ ஈதர் தெளிப்பானையோ காற்றுக் குழாயில் வைப்பது ஆபத்து. இவை பிஸ்டன் மேலே வருமுன்னே பற்றி வெடிக்கும். ரிங் உடையும், கனெக்டிங் ராடு வளையும். ஹீட்டர் பிளக் உள்ள என்ஜினில் ஈதரை அடித்தால் காற்றுக் குழாயே வெடித்து, முன்னால் நிற்பவர் முகம் கருகும்.

என்ஜினுக்கு அடியில் நெருப்பு மூட்டினால் ஒயரும் ரப்பர் குழாயும் உருகும். கசிந்த டீசலில் தீப் பிடித்தால் வண்டியோடு கொட்டகையும் போகும்.

செல்ஃப் மோட்டாரின் இரு முனைகளையும் ஸ்குரூ டிரைவரால் இணைத்துக் கிளப்பும் பழக்கம் உயிரைப் பறிக்கும். இப்படிச் செய்பவர் பெரிய சக்கரத்தின் முன்னால் நிற்கிறார். வண்டி கியரில் இருந்தால் கிளம்பிய கணமே அவர் மேல் ஏறிவிடும். டிராக்டரை இருக்கையில் அமர்ந்து மட்டுமே கிளப்ப வேண்டும்.

மூடிய கொட்டகையில் என்ஜினை ஓடவிடக் கூடாது. புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை. மூச்சில் ஏறினால் மயக்கம், பிறகு மரணம்.

வேறு வண்டியின் பாட்டரியிலிருந்து மின்சாரம் எடுப்பதானால் இரண்டும் 12 வோல்ட்டாக இருக்க வேண்டும். லாரியின் 24 வோல்ட்டை இணைத்தால் ஒயரும் மின்கருவிகளும் கருகும். பிளஸ்ஸை பிளஸ்ஸோடு முதலில் இணைத்து, கடைசி மைனஸ் ஒயரை, இறங்கிய பாட்டரியின் முனையில் அல்லாமல், சற்றுத் தள்ளி என்ஜினின் வெற்று இரும்பில் மாட்ட வேண்டும்.

கொடைக்கானல் மலையில் நிலைமை வேறு

1985-ல் மதுரை மாவட்டத்திலிருந்து பிரிந்த திண்டுக்கல் மாவட்டத்துக்குள்ளேயே உண்மையான குளிர் நாடு ஒன்றும் இருக்கிறது. கடல் மட்டத்திலிருந்து 2,000 மீட்டருக்கு மேல் உள்ள கொடைக்கானலில் ஜனவரி இரவுகளில் வெப்பநிலை 10 டிகிரிக்குக் கீழே இறங்கும். பள்ளமான இடங்களில் உறைபனியும் விழும். பூம்பாறை, மன்னவனூர்ப் பகுதிகளில் பூண்டும் உருளைக்கிழங்கும் காரட்டும் பயிரிடும் விவசாயிகளுக்கு மேலே சொன்னவற்றோடு இன்னும் இரண்டு கவனிப்புகள் தேவை.

முதலாவது டீசல். டீசலில் மெழுகுச் சத்து உண்டு. குளிரில் அது திரிந்து வடிகட்டியை அடைக்கும். ஐ.எஸ். 1460 என்ற இந்தியத் தர நிர்ணயப்படி, குளிர்கால டீசல் 6 டிகிரி வரை வடிகட்டியில் தடையின்றி ஓட வேண்டும். மற்ற மாதங்களுக்கான டீசலுக்கு இந்த வரம்பு 18 டிகிரி. ஆகவே சமவெளியில் கோடையில் வாங்கிய டீசலை மலைக்கு ஏற்றி டிசம்பரில் ஊற்றினால் வடிகட்டி அடைக்க வாய்ப்புண்டு. குளிர்காலத்தில் புதிதாக வாங்கிய டீசலையே பயன்படுத்த வேண்டும். லடாக்கின் கடுங்குளிருக்காக மைனஸ் 33 டிகிரியிலும் உறையாத தனி டீசலை 2019 நவம்பரில் இந்தியன் ஆயில் நிறுவனம் அறிமுகப்படுத்தியது. நம் மலைக்கு அது தேவையில்லை. மண்ணெண்ணெய் கலப்பதும் வேண்டாம். டீசலின் வழுவழுப்பு குறைந்து இன்ஜெக்ஷன் பம்பு தேயும். மெழுகு திரிந்து அடைத்திருந்தால் வடிகட்டியின் மேல் வெந்நீர்த் துணி சுற்றினால் இளகிவிடும்.

இரண்டாவது தண்ணீர். தண்ணீர் உறையும்போது ஏறத்தாழ ஒன்பது சதம் பருக்கும். ரேடியேட்டரிலோ என்ஜின் பிளாக்கிலோ தண்ணீர் உறைந்தால் இரும்பே பிளக்கும். உறைபனி விழும் இடங்களில் மூன்றில் ஒரு பங்காவது கூலன்ட் கலந்து ஊற்ற வேண்டும். தொட்டி உள்ள பவர் டில்லரில் இரவில் தண்ணீரை வடித்துவிட்டு, 'தண்ணீர் இல்லை' என்று எழுதிய அட்டையை ஹேண்டிலில் மாட்டி வைப்பது நல்லது. கூலன்ட் இனிப்பாக இருக்கும்; ஆனால் விஷம். குழந்தைகளுக்கும் நாய்களுக்கும் எட்டாமல் வைக்க வேண்டும். சமவெளியிலும் கூலன்ட் ஊற்றினால் துருவும் உப்புப் படிவும் குறையும்.

மலைச் சரிவில் வண்டியை உருளவிட்டுக் கிளப்பும் வழக்கத்தை விட்டுவிட வேண்டும். என்ஜின் பற்றாவிட்டால் ஸ்டீயரிங்கும் பிரேக்கும் மட்டுமே துணை. ஈரப் பனி படிந்த மண்ணில் பிரேக்கும் கைவிடும்.

கிளம்பிய பிறகு

என்ஜின் பிடித்ததும் ஆயில் அழுத்த விளக்கு சில விநாடிகளில் அணைய வேண்டும். அணையாவிட்டால் உடனே நிறுத்திவிட வேண்டும். கிளம்பியவுடன் ஆக்சிலேட்டரை முறுக்கி உறும வைப்பது தவறு. ஆயில் மேலே ஏறுமுன் உலோகத்தோடு உலோகம் உரசும். மூன்று முதல் ஐந்து நிமிடம் மிதமான வேகத்தில் ஓடவிட்டு, இலேசான சுமையோடு வேலையைத் தொடங்கலாம். சூடாகட்டும் என்று அரை மணி நேரம் சும்மா ஓடவிடுவது டீசல் விரயம், கரியும் படியும்.

காலை வேலை முந்தின மாலையிலேயே தொடங்குகிறது என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

1. டாங்கை மாலையில் நிரப்ப வேண்டும்.
2. சமதரையில் நிறுத்தி, கலப்பையைத் தரையில் இறக்கி, ஹேண்ட் பிரேக் போட வேண்டும்.
3. சாவியை எடுத்துவிட வேண்டும். விளக்கு எரிகிறதா என்று பார்க்க வேண்டும்.
4. கூரைக்கடியில், பனி படாமல் நிறுத்த வேண்டும். கூரை இல்லாவிட்டால் என்ஜின் ஆறிய பிறகு தார்ப்பாயால் மூட வேண்டும்.
5. பல நாள் ஓடாத வண்டியை வாரம் ஒருமுறையாவது அரை மணி நேரம் வேலையில் ஓட்ட வேண்டும். அல்லது பாட்டரியைக் கழற்றி மாதம் ஒருமுறை சார்ஜ் செய்ய வேண்டும்.
6. காலையில் கிளப்புமுன் ஆயில் அளவும் தண்ணீர் அளவும் பார்க்க வேண்டும்.

இந்த ஆறும் சேர்ந்து கால் மணி நேர வேலை. செலவு ஏதுமில்லை.

மேலும் ஐயம் உள்ளவர்கள் திண்டுக்கல்லில் உள்ள வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தையோ, காந்திகிராமத்தில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்தையோ அணுகலாம். வண்டியின் கையேட்டையும் பாட்டரி வாங்கிய ரசீதையும் எடுத்துச் செல்வது நல்லது.

'தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும்' என்பார்கள். இன்னும் இரண்டு மாதம் பனிக்காலம் இருக்கிறது. உழவுக்கு மாடு வைத்திருந்த காலத்தில், மாலையில் தீவனம் போட்டுத் தண்ணீர் காட்டி, தடவிக் கொடுத்த பிறகே விவசாயி படுக்கப் போவார். காலையில் மாடு தானே எழுந்து நின்றது. டிராக்டருக்கும் அந்த மாலைக் கவனிப்பைக் கொடுத்தால், மார்கழிக் காலையில் முதல் இழுப்பிலேயே கிளம்பும்.